அவர்களுக்குப் பசிக்காது

என் தம்பி மகள் ஐந்து வயதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, எல்லாருக்கும் சாப்பாடு போட்டுக்கிட்டே இருக்கிறவங்களுக்கு யாரு சாப்பாடு போடுவாங்க?"

நான் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே மேசைமேல் ஏறி உட்கார்ந்து, உரித்ததை எல்லாம் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன வேலை என்று அதற்குச் சற்று முன்புதான் கேட்டிருந்தாள். இறந்துபோனவர்களின் மூளையை மெழுகில் பதித்துச் சீவுகிறேன் என்று ஒரு குழந்தையிடம் சொல்ல முடியுமா? கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னேன். மூளை ஒரு பெரிய வீடு. அதில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு கூட்டம். அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, வீட்டைக் கூட்டி, தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். பேசுகிறவர்களைத்தான் ஊருக்கெல்லாம் தெரியும், அத்தை அந்த மற்றவர்களை எண்ணுகிறேன் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அவங்களுக்குப் பசிக்காது கண்ணு" என்று சொன்னேன்.

அவள் நம்பவில்லை. பட்டாணி ஒன்றை எடுத்து என் வாயில் வைத்துவிட்டு, நான் மெல்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். அது இடப்பக்கம் சாயும். அட்டையை மடித்து அந்தக் காலுக்கடியில் வைத்துக்கொண்டால் நுண்ணோக்கியில் குனியும்போது கழுத்து வலிக்காது. உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த வேலைக்கு வருகிறவர்கள் பொறுமைசாலிகள். ஆகவே அவசரப்படாமல் சொல்கிறேன்.

அம்மா இறந்தபோது தம்பி சின்னப் பையன். அப்பா இருந்தார், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும். தம்பியைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தவள் நான். எனக்கு வந்த சம்பந்தங்களை வேண்டாம் என்றேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதை நான் எவரிடமும் சொல்லிக் காட்டியதும் இல்லை.

அவன் பெயர்ப்பலகை எழுதுகிறவன் ஆனான். கடைகளுக்கு, லாரிகளுக்கு, பள்ளிச் சுவர்களுக்கு. அளவுகோல் இல்லாமல் ஆளுயரக் கோடு இழுப்பான், நூல் பிடித்ததுபோல் நிற்கும். வாயும் அப்படித்தான், ஓயாது. என் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் நான் பார்க்காத நேரம் 'காவல்காரி' என்று சிவப்பு எழுத்தில் நிழல் விழுகிற மாதிரி எழுதி வைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் அந்த டப்பாவைக் கடைசிவரை மாற்றவில்லை.

அவன் மனைவிக்குத் தபால் ஆபீசில் வேலை. நல்ல பெண். வந்த நாளிலிருந்து என்னை 'அண்ணி, அண்ணி' என்று சுற்றி வந்தாள். பிறகு குழந்தை. அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். ஒரே வீட்டில் நான்கு பேரும் இருந்தோம். கடவுள் குறை வைக்கவில்லை என்று ஒவ்வொரு காலையும் கைகூப்பிச் சொல்லியிருக்கிறேன்.

குழந்தை நடக்கப் பழகி, ஓடப் பழகிய சமயத்தில்தான் அவனுக்கு நோய் வந்தது. அவன் எழுதிய எழுத்துகளே அவனைத் திட்டுகின்றன என்றான். ஒரு மருந்துக்கடைப் பலகையை ஏணியில் நின்று அழிப்பான், எழுதுவான், மறுபடி அழிப்பான். தூக்கம் போயிற்று. ஒருநாள் பெயின்ட் வாளியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவில் நின்றான். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். மருந்து கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின.

மருந்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதுதான் அவனை எங்களுக்குத் திருப்பித் தந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, நிம்மதியாக வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு எவரும் தம் மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். கத்தியில் குற்றம் இல்லை என்று நான் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போகப்போக டாக்டர் மருந்தைக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். "புயல் ஒண்ணு வந்துச்சு, கடந்து போயிடுச்சு. அப்பப்ப வந்து காட்டுங்க, போதும்" என்றார். தம்பி ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே கேலியை ஆரம்பித்துவிட்டான். "டாக்டர் பேர்ப்பலகையில ஒரு கால் குறையுதுக்கா. அதைச் சரிபண்ணிக் கொடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் விட்டிருப்பாரு."

அந்த வருடமே அவன் மனைவிக்கு வேறு ஊருக்கு மாற்றல் கிடைத்தது. கடலோர ஊர். பதவியும் ஒரு படி மேலே. இரவுச் சாப்பாட்டின்போது அவன்தான் பேச்சை எடுத்தான்.

"அக்கா, இந்த வீட்டுச் சாவிக்கொத்து உன் இடுப்புலயே இருக்கட்டும். நாங்க போற ஊர்ல புதுப் பூட்டு வாங்கிக்கிறோம்."

"இப்பத்தானேடா எழுந்து உட்கார்ந்திருக்கே" என்றேன்.

"எழுந்து உட்கார்ந்தவன் நடக்க வேணாமா? நடக்க விடாம இருக்கத்தான் எழுப்பினியா?"

அவன் மனைவி சிரித்தாள். "நீங்க லீவுக்கெல்லாம் வந்துடணும் அண்ணி. உங்களுக்குன்னே ஒரு கட்டில் போட்டு வச்சிடறேன்."

விருந்தாளிக்குப் போடுகிற கட்டில். அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். நோய் திரும்பும்போது எப்படித் திரும்பும் என்று எங்கள் நூலகத்துப் புத்தகங்களில் படித்திருந்தேன். வழக்கத்தைவிட வேகமாகப் பேசுவார்கள். திடீரென்று பெரிய திட்டங்கள் போடுவார்கள். தூக்கம் குறையும். கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களிடமிருந்து விலகுவார்கள். என் தம்பி சாமான் கட்டுவதற்காக விடியும் முன்பே எழுந்துகொண்டிருந்தான். பாடிக்கொண்டே கட்டினான். நான் கதவோரம் நின்று பார்த்தேன். எல்லா அறிகுறிகளும் இருந்தன.

டாக்டரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கட்டில், அவன் மனம் உடைந்துவிடும். அவனுக்குத் தெரியாமலே அவனைக் காப்பாற்ற முடியும் என்றால் அதுதானே பெரிய கருணை? அவனுக்கு மாலையில் பால் குடிக்கிற பழக்கம் உண்டு. நான்தான் காய்ச்சி ஆற்றிக் கொடுப்பேன். அன்று மாலை அதில் மருந்தைக் கலந்தேன். மறுநாளும் கலந்தேன். வீட்டில் இருந்த மருந்து தீர்ந்ததும் எங்கிருந்து வந்தது என்று எழுத மாட்டேன். என்மேல் நம்பிக்கை வைத்து ஒரு அலமாரிக் கதவைத் திறந்து வைத்திருந்த நல்லவர்கள் அதற்காகப் பழி சுமக்க வேண்டாம்.

கொஞ்ச நாளில் பாட்டு நின்றது. சாமான் மூட்டைகள் கூடத்தில் அப்படியே கிடந்தன. யாராவது கேட்டால் "கட்டணும்" என்பான். கேட்காவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி மாற்றலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என் மடியில் தலைவைத்து அழுதாள்.

"இவரை இப்படி வச்சுக்கிட்டு அந்த ஊர்ல நான் தனியா என்ன பண்ணுவேன் அண்ணி? நீங்க மட்டும் இல்லேன்னா எங்க கதி என்ன?"

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை மனிதர்கள் வாழ்நாளில் எத்தனை முறை கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கு அதுதான் முதல் முறை.

டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் அவன் கண்ணைப் பார்த்தார், விரல்களை நீட்டச் சொன்னார்.

"மருந்து எதுவும் கொடுக்கலையே?"

"இல்லை டாக்டர்" என்றேன்.

"அப்ப இது நோயோட இன்னொரு முகம்மா. புயல் அடிக்காது, ஆனா ஆள் இப்படி மங்கிக்கிட்டே போவாங்க. சத்தம், சண்டை ஒண்ணும் இல்லையே? இல்லைன்னா மருந்தை மறுபடி எதுக்கு ஆரம்பிக்கணும்? நீங்க கூட இருக்கீங்க, அதுவே பெரிய மருந்து."

இப்படித்தான் அது வருடங்களாகத் தொடர்ந்தது. அவன் கோடுகள் முதலில் நடுங்கின, பிறகு வளைந்தன. கடைக்காரர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள். தூரிகையைப் பெயின்டில் தோய்த்து, அது காயும்வரை கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதையோ மெல்லுவதுபோல் வாய் அசைந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரு நாள்கூட மரியாதை தவறியதில்லை. பாலைக் குடித்துவிட்டு அந்தக் கோப்பையைத் தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, "தேங்க்ஸ்க்கா" என்பான். ஒவ்வொரு மாலையும்.

ஒரு சம்பவத்தை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. குழந்தை அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. விளையாடிவிட்டு வந்தவள், "அப்பா, எனக்கு ஒரு வாய்" என்று அவன் கோப்பையை வாங்கி உதட்டருகே கொண்டுபோனாள். நான் அடுப்படியிலிருந்து எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. என் கை அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டது. பால் தரை முழுக்கப் பரவியது. குழந்தை வீறிட்டு அழுதாள். நான் அவளை அதற்குமுன் அதட்டியதுகூட இல்லை.

தம்பி தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நீண்ட காலத்துக்குப் பிறகு அவன் கண்கள் ஓர் இடத்தில் நின்றன. எங்கள் வீட்டில் ஒரு பூனை வளைய வரும். அது மேசைக்கடியிலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. அவன் மெதுவாகக் குனிந்து அதைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"பூனை நக்கிடும்க்கா. நல்லாத் துடைச்சிடு" என்றான்.

துடைத்தேன். மறுநாள் மாலை பாலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்தான். பார்த்துக்கொண்டே குடித்தான். கழுவிக் கவிழ்த்துவிட்டு "தேங்க்ஸ்க்கா" என்றான். அன்றிலிருந்து என் மனம் லேசாகிவிட்டது. அதுவரை அவனுக்குத் தெரியாமல் கொடுக்கிறோமே என்று ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இனி அது அவனுடைய சம்மதத்தோடு நடப்பது. அப்படித்தான் நான் அதைப் புரிந்துகொண்டேன். மறுப்பதற்குக்கூட ஒரு பலம் வேண்டும், அந்தப் பலத்தைத்தான் தினமும் கோப்பையில் கரைத்துக்கொண்டிருந்தோம் என்ற எண்ணமும் எனக்கு வந்ததுண்டு. வந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். போய்விடும்.

மகள் படிப்புக்காக அவன் மனைவி கடைசியில் ஒரு மாற்றலை ஏற்றுக்கொண்டு போனாள். மாதம் தவறாமல் வந்து அவனுக்குத் தலைவாரிவிட்டுப் போவாள். "உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்கிறதாலதான் அண்ணி எனக்கு அங்க தூக்கம் வருது" என்பாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் என்று ஆயிற்று. அம்மா இறந்தபின் இருந்த மாதிரியே.

ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆனது. விழுங்குகிறது சரியாக விழுங்கப்படாமல் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். அருகில் இருந்தது நான்தான்.

இனி நான் சொல்வது உங்கள் வேலையைப் பற்றியது.

எங்கள் ஆய்வகத்துப் பெரிய டாக்டரை நாங்கள் 'சார்' என்றுதான் சொல்வோம். சாருக்குப் பல வருடங்களாக ஒரு சந்தேகம். இந்த மருந்தை நெடுங்காலம் சாப்பிட்டவர்களின் மூளையில் தாங்கும் செல்கள், அதாவது நட்சத்திரம்போலக் கை விரித்துக்கொண்டு நரம்பு செல்களுக்கு ஊட்டம் தருகிற அந்தக் கூட்டம், குறைந்து போயிருக்கின்றன. குறைத்தது நோயா, மருந்தா? அதைப் பிரித்தறிய, நோய் இருந்தும் மருந்து நெடுங்காலம் சாப்பிடாதவர்களின் மூளை வேண்டும். அப்படிப்பட்டவை எங்கள் அலமாரியில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் இருந்தன.

சார் என் வீட்டுக்கே துக்கம் கேட்க வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "கேட்கக் கூடாத நேரம்தாம்மா. உங்க தம்பி மருந்தை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு இல்லையா? அந்த மாதிரி ஒண்ணு நமக்குக் கிடைக்கிறதே இல்லை."

அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "யாருக்காவது பிரயோஜனப்படட்டும் அண்ணி. அவருக்கும் அது பிடிச்சிருக்கும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. சரி என்று தலையசைத்தேன். சார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

என்மேல் இரக்கப்பட்டு, தம்பியின் மூளையைச் சீவும் வேலையை வேறொருவரிடம் கொடுத்தார்கள். எண்ணும் வேலை மட்டும் வழக்கம்போல் என்னுடையது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்லைடு யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் சார்புகொள்ளும். அதற்காகவே ஒருவர் இருந்தார். எல்லா ஸ்லைடுகளின் பெயர்மேலும் காகிதத் துண்டு ஒட்டி, கலைத்துப் போட்டு, வேறு எண் கொடுப்பார். அவரைப் பசைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைக் கண்டால் அவருக்குக் கேலிதான். "கவலைப்படாதீங்கம்மா, உங்களுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் மூஞ்சியில காகிதம் ஒட்டித்தான் கூட்டிட்டு வருவேன். எண்ணிப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்பார்.

அந்தத் தொகுதியை எண்ண ஒரு பருவம் ஆனது. அதில் ஒருவருடைய ஸ்லைடுகள் வந்தன. நுண்ணோக்கியில் குனிந்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பேசுகிறவர்கள் எல்லாம் அவரவர் இடத்தில் இருந்தார்கள். சுற்றி நிற்க வேண்டியவர்களைக் காணோம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்க, அடுப்படியில் ஆளே இல்லாத வீடு மாதிரி. இருந்தவையும் கைகள் சுருங்கி, ஒட்டியும் ஒட்டாமலும் நின்றன. பாவம், யார் பெற்ற பிள்ளையோ, எத்தனை வருடம் இந்த மருந்தை விழுங்கியதோ என்று நினைத்தேன். கண்ணை மூடி, முகம் தெரியாத அந்த உயிருக்காக ஒரு நிமிடம் பிரார்த்தனை செய்தேன். முன்பின் தெரியாதவர்களுக்காக வேண்டிக்கொள்வது என் வழக்கம். அது சின்னக் காரியம்தான், ஆனால் சின்னக் காரியங்களை நான் நம்புகிறவள்.

பிறகு உண்மையாக எண்ணினேன். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

காகிதங்களை உரித்த அன்று சார், பசைக்காரர், நான், இன்னும் இரண்டு பேர் இருந்தோம். பசைக்காரர் ஒவ்வொன்றாக உரித்து வாசித்துக்கொண்டு வந்தார். அந்த ஸ்லைடு வந்தபோது கை நின்றது. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களா?" என்றார். கேலி இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான்.

மருந்து சாப்பிடாதவர்கள் வரிசையில் என் தம்பி. அத்தனை பேரிலும் செல்கள் மிகக் குறைந்திருந்தது அவனுக்குத்தான். சிறிய வரிசை அது. ஒருவர் போதும் அதைச் சாய்த்துவிட.

சார் சோர்ந்த முகத்தோடு முடிவைச் சொன்னார். "மருந்து சாப்பிடாதவங்களுக்கும் இப்படி இருக்குன்னா, குறைக்கிறது நோய்தான். மருந்துமேல நான் வீணா சந்தேகப்பட்டுட்டேன்." அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். வருடக்கணக்காக வார்டில் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, யாருக்கு அளவைக் குறைக்கலாம், யாருக்குப் பார்த்துப் பார்த்து நிறுத்தலாம் என்று முடிவுசெய்வது. அதைக் கிடப்பில் போட்டார்கள். பிற ஆஸ்பத்திரிகளிலும் எங்கள் முடிவைக் காட்டி நிம்மதியடைந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வார்டில் ஒரு பெண் இருக்கிறாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொடுப்பாள், அதனால் 'மடிப்புக்காரி' என்று பெயர். மருந்தளவு குறைக்கப்பட இருந்தவர்களில் முதலாவது ஆள் அவள்தான். கை நடுக்கம் நின்றதும் மகனுக்குத் தன் கையால் கடிதம் எழுதப் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டம் நின்றுபோனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. என்னைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் "எப்பம்மா என் முறை?" என்று கேட்பாள். "சீக்கிரம் வரும்" என்று சொல்லி, கையில் ஒரு மிட்டாய் வைத்துவிட்டுப் போவேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பியின் ஸ்லைடுகள் ஒரு வரிசையிலிருந்து மற்ற வரிசைக்குப் போயிருக்கும், முடிவும் புரண்டிருக்கும். எனக்கு அது தெரியும். சொன்னால் அவன் மனைவி என்ன ஆவாள், அந்தக் குழந்தை என்னைப் பற்றி என்ன நினைக்கும் என்றும் யோசித்தேன். அவர்களுக்கு அந்த வேதனையைத் தர மனம் வரவில்லை.

அதனால் வேறு வழியில் கடனை அடைப்பது என்று முடிவுசெய்தேன். நோயே இல்லாத ஒருவர், இந்த மருந்தை மட்டும் நெடுங்காலம் சாப்பிட்டவர். அப்படி ஒரு மூளை கிடைத்தால் குறைத்தது எது என்று சந்தேகமே இருக்காது. எந்த அலமாரியிலும் அது கிடையாது. நல்ல மனம் உள்ள எவரும் அப்படி ஒன்றை உண்டாக்கவும் மாட்டார்கள். காகிதம் உரித்த அன்று மாலையே தம்பியின் கோப்பையை எடுத்துப் பாலை ஆற்றினேன். அன்றிலிருந்து ஒரு மாலையும் தவறவில்லை. என் மூளையை உங்களுக்கு எழுதிவைத்திருக்கிறேன். அதோடு இதுவும் வரும். இப்போது உங்கள் தட்டில் இருக்கிற ஸ்லைடுகளில் காகிதத்தை உரித்துப் பாருங்கள், அவற்றில் ஒன்று நான். என் தம்பியையும் தயவுசெய்து அவனுடைய சரியான வரிசைக்கு மாற்றிவிடுங்கள். அவனுக்கு நான் நெடுங்காலம் மருந்து கொடுத்தேன். அவனுக்கு அது தேவைப்படவில்லை. இதை இவ்வளவு நேராக எங்கும் சொன்னதில்லை.

இன்னும் கொஞ்சம்தான்.

வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்றுவிட்டேன். தம்பி மகள் இப்போது பாலங்கள் கட்டுகிற பொறியாளர். வெளிதேசத்தில் பெரிய வேலை கிடைத்து, கூடவே வேலை செய்கிற ஒரு பையனைக் கல்யாணமும் செய்துகொள்வதாக இருந்தாள். போவதற்கு முன் என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். சாப்பிடும்போது என் கையில் கரண்டி ஆடியதைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள், அது எதையோ மென்றுகொண்டிருந்தது.

"அத்தை, அப்பாவுக்கு வந்ததுதானே இது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாதது பொய்யாகாது.

"அப்போ இது நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் தாழ்ந்த குரலில் அந்தப் பையனோடு போனில் நெடுநேரம் பேசினாள். "எனக்கும் வரும். உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? என் பிள்ளைக்கும் வேணாம்" என்று சொன்னது காதில் விழுந்தது. பிறகு பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். அவளைப் போகச் சொல்லவில்லை என்று என்மேல் யாரும் குறைசொல்ல முடியாது. "உன் வேலை என்னாகிறது கண்ணு?" என்று ஒருமுறை கேட்டேன். "உங்களை இப்படி விட்டுட்டு எந்தப் பாலத்தைக் கட்டுறது?" என்றாள். இப்போது அவளைக் குழப்ப வேண்டாம். நான் போன பிறகு இது உங்கள் மூலம் அவளுக்குத் தெரியட்டும். அதற்குள் அவளுக்கு வயது ஏறியிருக்கும்தான், ஆனால் மனம் பக்குவப்பட்டிருக்கும்.

மாலையில் பாலை அவளே காய்ச்சி, இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொண்டுவந்து வைக்கிறாள். துண்டு எடுக்க உள்ளே போகிறாள். அந்த இடைவெளியில் நான் சேர்க்க வேண்டியதை என் பாலில் சேர்த்துவிடுகிறேன். பார்க்க யாரும் இல்லை. அன்றைக்கான கடன் அடைந்துவிடுகிறது, மனம் அமைதியாக இருக்கிறது. அவள் திரும்பி வந்து என் கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டு, பாலை ஊட்டத் தொடங்கும் முன், தட்டில் இருக்கிற சோற்றை முதலில் கரண்டியில் எடுத்துக்கொள்கிறாள்.

"பசிக்குதா அத்தை?" என்று கேட்கிறாள்.

"பசியெல்லாம் இல்லை கண்ணு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்கிறேன்.